உணவுக் கொள்கை ஆய்வாளர் என்னதான் செய்கிறார்?

வேளாண் பொருளியலாளர் என்று ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் போதும், அடுத்த நொடியே இரண்டு கேள்விகள் வந்து விழும். "அடுத்த மாதம் விலை ஏறுமா, இறங்குமா?" என்பது ஒன்று. "எந்தப் பயிர் போட்டால் லாபம்?" என்பது மற்றொன்று. இரண்டுக்குமே அவரிடம் நேரடியான பதில் இருக்காது. நாளெல்லாம் சந்தையில் நிற்கும் வியாபாரி முதல் கேள்விக்கு அவரைவிட நன்றாகப் பதில் சொல்வார். இரண்டாவதை மண்ணையும் தண்ணீரையும் அறிந்த உழவரிடமோ பயிர் விஞ்ஞானியிடமோ கேட்க வேண்டும். "அப்படியானால் இவர் எதற்கு?" என்ற மூன்றாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை, மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. உணவு விலை, மானியம், ஏற்றுமதித் தடை என்று தினமும் பேசுகிறோம். இவற்றில் முடிவெடுப்பவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது பிடிபட்டால், உணவைப் பற்றிய செய்தியை நாம் வாசிக்கும் விதமே மாறும். எனக்கு அப்படித்தான் மாறியது.

ஓர் அரசு முடிவால் யாருடைய தட்டில் எவ்வளவு மாறுகிறது? அந்த முடிவை எடுக்காமலே இருந்திருந்தால் அதே தட்டில் என்ன இருந்திருக்கும்? இந்த இரண்டையும் அளப்பவர்தான் உணவுக் கொள்கை ஆய்வாளர். கேட்க எளிதாக இருக்கிறது. அளக்கப் போனால்தான் அதன் கடினம் தெரியும்.

## ஒரே விலை, இரண்டு வீடுகள்

அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் விற்பதற்குத் தானியம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போய், அன்றைய கூலியில் அன்றைய தானியத்தை வாங்குகிறார். தானிய விலை ஏறுகிறது. முதல் வீட்டில் கடன் அடைகிறது, இரண்டாவது வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு குறைகிறது. ஆகவே, விலை ஏறினால் நல்லதா கெட்டதா என்ற கேள்வி, "யாருக்கு?" என்ற சொல்லைச் சேர்க்கும்வரை பாதிக் கேள்விதான்.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது வாங்கியதைவிட அதிகமாக விற்றவர் நிகர விற்பனையாளர். விற்றதைவிட அதிகமாக வாங்கியவர் நிகர வாங்குபவர்.

உழவர் என்றாலே நிகர விற்பனையாளர்தான் என்று நினைக்கிறோம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சிறு நிலம் வைத்திருப்பவரின் ஓராண்டைக் கவனியுங்கள். அறுவடை முடிந்த கையோடு கடன்காரர் வந்து நிற்கிறார். தானியத்தைச் சேர்த்துவைக்க இடமும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே அவரும் விற்கிறார். சில மாதங்களில் வீட்டு இருப்பு தீர்ந்துவிடுகிறது. அப்போது அதே தானியத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். விதைத்தார், அறுத்தார், விற்றார். ஆனாலும் ஆண்டுக் கணக்கில் அவர் வாங்குபவர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த பல வீட்டுக் கணக்கெடுப்புகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "உழவர்களுக்காக" என்று தானிய விலையை உயர்த்தும் முடிவு, உழவர்களிலேயே ஏழையானவர்களைக் கொஞ்ச காலத்துக்காவது வருத்தக்கூடும்.

கதை இதோடு முடிவதில்லை. விலை பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தால் அதிக நிலத்தில் விதைப்பார்கள், ஆள் தேவை கூடும், கூலியும் உயரக்கூடும். இந்த மாதம் இழந்த கூலிக்காரர் சில ஆண்டுகளில் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். பசி சில ஆண்டுகள் காத்திருக்காது என்பதுதான் சிக்கல். விற்பவருக்கு ஊக்கம் தரும் விலை வேண்டும், வாங்குபவருக்கு எட்டும் விலை வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வதை உணவு விலை இக்கட்டு என்பார்கள். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதியை இந்த ஒரு முடிச்சைப் பல பக்கங்களிலிருந்து அவிழ்க்கும் முயற்சி என்றே சொல்லலாம்.

## சிறு குறை, பெரிய விலை

சம்பளம் இரட்டிப்பானால் யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. கூடுதல் பணம் துணிக்கும் வீட்டுக்கும் பயணத்துக்கும் படிப்புக்கும் போகிறது. 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளைப் பார்த்து இதை ஒரு விதியாகவே எழுதினார். ஒரு குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் செலவில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவு பெரிது. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு குடும்பத்தின் வறுமையை ஊகிக்க இந்தப் பங்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். அடிப்படைத் தானியம் விலை ஏறினால் மக்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட முடியாது. துணியைக் குறைப்பார்கள், மருந்தைத் தள்ளிப்போடுவார்கள், தானியத்தை மட்டும் முடிந்தவரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மெல்லிய ரப்பர் வளையத்தை லேசாக இழுத்தாலே நீண்டுவிடும், தடித்த டயர்த் துண்டை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பொழுதுபோக்குச் செலவு அந்த வளையம் போன்றது, அடிப்படைத் தானியம் டயர் போன்றது. விலை ஒரு சதவீதம் மாறும்போது வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே நெகிழ்ச்சி. விலை 10 சதவீதம் ஏறி, வாங்குவது 2 சதவீதம் மட்டும் குறைந்தால் நெகிழ்ச்சி 0.2.

இந்தச் சின்ன எண் என்ன செய்யும் என்று பார்ப்போம். விளைச்சல் 5 சதவீதம் குறைந்துவிட்டது, இருப்பும் இறக்குமதியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லோருமாகச் சேர்ந்து 5 சதவீதம் குறைவாக வாங்கியே ஆக வேண்டும். நெகிழ்ச்சி 0.2 என்றால், அப்படிக் குறைக்கவைக்க விலை 25 சதவீதம் ஏற வேண்டும். "5 சதவீதம்தானே குறைந்தது, விலை எப்படி 25 சதவீதம் ஏறியது? பதுக்கல்தான்!" என்று கோபப்படுகிறோம். பதுக்கல் நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. பதுக்குபவர் ஒருவர்கூட இல்லாத சந்தையிலும் விலை இப்படித்தான் ஏறும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு ஏறியது என்பதுதான் விசாரிக்க வேண்டிய பகுதி.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் கிரெகரி கிங் போட்ட கணக்கு என்று கருதப்படும் ஓர் அட்டவணையைச் சார்லஸ் டேவனன்ட் 1699இல் அச்சில் வெளியிட்டார். அறுவடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும் என்று அது படிப்படியாகப் போகிறது. குறை கூடக் கூட விலை அதைவிட வேகமாகத் தாவுவதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

இதே கணக்கு நல்ல விளைச்சலிலும் வேலை செய்கிறது, அங்கேதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 100 மூட்டை, மூட்டை 100 என்ற விலையில் வருமானம் 10,000. எல்லோருக்கும் 5 சதவீதம் கூடுதலாக விளைந்து விலை 25 சதவீதம் விழுந்தால், 105 மூட்டையை 75க்கு விற்று 7,875தான் கிடைக்கும். அதிகமாக உழைத்தார்கள், அதிகமாக விளைந்தது, கையில் வந்தது குறைந்தது. நல்ல விளைச்சல் என்ற செய்தியும் உழவர் துயரம் என்ற செய்தியும் ஒரே வாரத்தில் வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தது: விலை மாற்றத்தின் பலன் ஆளுக்கு ஆள் மாறும். அடிப்படை உணவின் தேவை அதிகம் வளைந்துகொடுக்காது. அதனால் விளைச்சலில் வரும் சிறிய ஏற்ற இறக்கம் விலையில் பெரிதாகத் தெரியும்.

## உணவு இருந்தும் பசி

பஞ்சம் என்றதும் வெடித்த நிலமும் வெறும் களஞ்சியமும்தான் நம் கண்ணில் வரும். 1943 வங்காளப் பஞ்சத்துக்கும் உணவுப் பற்றாக்குறைதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. 1943இல் வங்காளத்தில் கிடைத்த தானியம், அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைவு. 1941இல் இருந்ததைவிட 13 சதவீதம் அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை. 1943இல் தொடங்கிய பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்பது அவர் மதிப்பீடு.

தானியம் இருந்தும் மனிதர்கள் ஏன் இறந்தார்கள்? போர்க்காலச் செலவால் விலை பாய்ந்தது. கல்கத்தாவில் போர் சார்ந்த தொழில்களில் இருந்தவர்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்துக் கூலிக்காரரின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மீனவரும் முடிதிருத்துபவரும் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். முடிதிருத்துபவரின் நிலையைப் பாருங்கள்: அரிசி விலை ஏறியது, அதே காரணத்தால் ஊரார் முடி வெட்டிக்கொள்வதைத் தள்ளிப்போட்டார்கள். வாங்க வேண்டிய பொருள் எட்டாத உயரத்துக்குப் போன அதே வாரத்தில் அவர் வருமானமும் சுருங்கியது.

நூலகம் நிறைய புத்தகம் இருக்கிறது, உங்களிடம் உறுப்பினர் அட்டை இல்லை. அலமாரியில் எத்தனை ஆயிரம் புத்தகம் இருந்தாலும் உங்கள் கைக்கு ஒன்றுகூட வராது. உணவிலும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. தன்னிடம் உள்ள உழைப்பு, நிலம், தொழில், பணம் ஆகியவற்றைக் கொடுத்துச் சட்டப்படி ஒருவர் எவ்வளவு பெற முடியும் என்ற எல்லையைச் சென் ஒரு கருத்தாக்கமாக வகுத்தார். அதை இங்கே பெறுவுரிமை என்று சொல்லிக்கொள்ளலாம். பஞ்சத்தில் பலருக்கு அழிவது இந்தப் பெறுவுரிமை.

சென் பயன்படுத்திய விளைச்சல் எண்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். 1942இல் நெற்பயிரைத் தாக்கிய நோயால் ஏற்பட்ட இழப்பு, அரசுப் புள்ளிவிவரம் காட்டியதைவிடப் பெரிது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், "எவ்வளவு உணவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவந்த இடத்தில் "யாரால் அதைப் பெற முடிகிறது?" என்ற கேள்வியும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

## "இல்லாதிருந்தால்" என்னும் கேள்வி

ஒரு குழந்தைக்கு ஓராண்டு சத்துபானம் கொடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பானத்தின் பலனா? அந்த வயதுக் குழந்தை பானம் இல்லாமலும் வளர்ந்திருக்கும். சரி, பானம் குடிக்காத பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவோம் என்றால் அதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பானம் வாங்கும் வீட்டில் பணம் கூடுதலாக இருக்கலாம், பெற்றோர் மருத்துவரிடம் அடிக்கடி போகிறவர்களாக இருக்கலாம். உயரத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

கொள்கையிலும் இதே சிக்கல்தான். திட்டம் வந்தது, பசி குறைந்தது, ஆகவே திட்டத்தால் குறைந்தது என்று அறிக்கைகள் சொல்லும். திட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நிலையை யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. நடக்காத அந்த நிலையை நேர்மையாக ஊகிக்க ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வாளரின் கைத்திறன்.

மெக்சிகோவில் 1997இல் புரோக்ரேசா என்ற திட்டம் தொடங்கியது. நிதி அமைச்சகத்தில் இருந்த சாந்தியாகோ லெவி என்ற பொருளியலாளர் அதன் முக்கியச் சிற்பி. ஏழைத் தாய்மார்களின் கையில் பணம் கொடுப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பம் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொண்டுபோக முடியாது என்ற நிலையை ஆய்வுக்கான வாய்ப்பாக மாற்றினார்கள். ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலில் கொடுத்து, 186 ஊர்களுக்குப் பின்னால் கொடுத்தார்கள். குலுக்கலில் விழுந்ததால் இரண்டு பிரிவுக்கும் முன்கூட்டியே வேறுபாடு இருக்கக் காரணமில்லை. காத்திருந்த ஊர்கள், திட்டம் பெற்ற ஊர்களின் "இல்லாதிருந்தால்" நிலையைக் காட்டும் கண்ணாடியாக நின்றன.

மதிப்பீட்டை வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் செய்தது. பள்ளியில் சேர்வது கூடியது, குறிப்பாக மேல்வகுப்புகளில் பெண் பிள்ளைகள். குடும்பங்கள் உணவுக்குச் செய்யும் செலவும் உண்ணும் உணவின் தரமும் உயர்ந்தன. 2000இல் மெக்சிகோவில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி தோற்று ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டம் என்று தூக்கி எறியாமல், பெயரை மாற்றி நகரங்களுக்கும் விரிவாக்கினார்கள். அது பிழைத்ததற்கு இந்த மதிப்பீடு கொடுத்த ஆதாரம் பெரிய துணை.

எல்லா இடத்திலும் குலுக்கல் போட முடியாது. சில நேரம் உலகமே ஓர் ஒப்பீட்டை உருவாக்கிக் கொடுக்கும். அதைக் கண்டுகொள்ளும் கண் வேண்டும். 1997க்கும் 2001க்கும் இடையே வட கேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்தக் காலம் முழுவதும் மத்தி மீன் விலையை, மீன் வந்து இறங்கும் பல கடற்கரைத் துறைகளில் வாரந்தோறும் திரட்டினார். கைப்பேசிக்கு முன், பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் அங்கே வாங்க ஆள் உண்டா என்று தெரியும். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் வாங்க மீன் இல்லாமல் நின்றார்கள். சேவை வந்த பகுதிகளில் துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு மளமளவென்று சுருங்கியது, மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் பலன் அடையும் இடங்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன.

## ஏழு நாளா, முப்பது நாளா?

மேலே சொன்ன எல்லா எண்களும் யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்தவை. இந்தப் பகுதியைப் பலர் சலிப்பான வேலை என்று தாண்டிப்போகிறார்கள். எனக்கு இதில்தான் தொழிலின் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது.

கடந்த 30 நாளில் எவ்வளவு எண்ணெய் வாங்கினீர்கள்? உங்களையே கேட்டுப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு முன் அவசரத்துக்கு வாங்கிய சின்னப் பொட்டலம் நினைவில் இருக்காது. கடந்த 7 நாள் என்று கேட்டால் நன்றாக நினைவிருக்கும். சில நேரம் எட்டாவது நாள் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். எத்தனை நாளை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்கிறோம் என்பதை நினைவுக்காலம் என்பார்கள்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நெடுங்காலம் 30 நாள் நினைவுக்காலத்தைப் பயன்படுத்திவந்தது. 1990களில் சோதனையாகச் சில வீடுகளில் உணவுக்கு 7 நாள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அப்படிக் கேட்ட வீடுகளில் நுகர்வு கூடுதலாகப் பதிவானது, அதை வைத்துக் கணக்கிட்டால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. அதே நாடு, அதே மக்கள். மாறியது ஒரு கேள்வியின் சொற்கள் மட்டும். பிறகு 1999-2000 சுற்றில் ஒரே தாளில் 7 நாள், 30 நாள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் கேட்டதும் ஒரு பதிலுக்கு ஏற்ப இன்னொரு பதில் அமைந்துவிட்டது. 1993-94 சுற்றோடு ஒப்பிட முடியாத எண்கள் கிடைத்தன. சீர்திருத்த ஆண்டுகளில் இந்திய வறுமை குறைந்ததா என்ற பெரும் விவாதத்தின் நடுவில் இந்தச் சிறு கேள்வித்தாள் மாற்றம் உட்கார்ந்திருந்தது. ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். எரிபொருள் போன்ற சில செலவுகளை இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி 30 நாளுக்குத்தான் கேட்டிருந்தார்கள். கலப்படமில்லாத அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருத்தினார். நுகர்வு, வறுமை, நலன் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயலில் அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். ஒரு சிறு பரப்பைக் குறித்து, அதில் உள்ளதை மட்டும் அறுத்து எடைபோட்டு விளைச்சலை மதிப்பிடுவார்கள். பரப்பு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதை 1940களில் பி.வி. சுகாத்மே என்ற இந்தியப் புள்ளியியலாளர் எடுத்துக்காட்டினார். காரணம் எளிது: எல்லைக்கோட்டில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளவே கை போகும். பரப்பு சிறுக்கச் சிறுக்க எல்லையின் பங்கு கூடும்.

சுருக்கமாக: ஒரு திட்டத்தின் பலனை அறிய, அது இல்லாத நிலையோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு, கேள்வி கேட்ட விதத்தைவிட நம்பகமானதாக இருக்க முடியாது.

## வேலை வாழ்க்கை எப்படி நகர்கிறது

பொருளியலோ வேளாண் பொருளியலோ கணிதமோ படித்துவிட்டு வருகிறார்கள். முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்று பல ஆண்டுகள் போகும். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் கேள்வித்தாள் திருத்துவதும் ஊர் ஊராகப் போவதும் எண்களைச் சுத்தம் செய்வதும்தான் வேலை. நான்கு பேர் வீட்டில் மாதம் 70 கிலோ சர்க்கரை என்று பதிவாகியிருந்தால் அது 7.0 ஆக இருக்குமா, அல்லது அந்த வீட்டில் கல்யாணமா என்று தேடிப் பார்க்க வேண்டும். அடுத்த கட்டத்தில் சொந்தமாகக் கேள்விகளை எழுப்புவார்கள். இன்னும் பின்னால், மற்றவர்களின் ஆய்வை வழிநடத்துவதும் அமைச்சகங்களோடு உட்கார்ந்து பேசுவதும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

வேலை கிடைக்கும் இடங்கள் பல: பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள், 1945இல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, உலக வங்கி, 1975இல் தொடங்கிய மேற்சொன்ன பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம். டென்மார்க்கைச் சேர்ந்த பெர் பின்ஸ்ட்ரூப் ஆண்டர்சனின் வாழ்க்கை ஒரு நல்ல மாதிரி. 1970களில் கொலம்பியாவில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு மையத்தில் பொருளியலாளராக இருந்தார். பின்னர் உணவு நுகர்வும் ஊட்டச்சத்தும் பற்றிய ஆய்வுகளுக்கு வந்தார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1992 முதல் 2002 வரை அந்த வாஷிங்டன் நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். 2001இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பயிரிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து கொள்கைக்கு என்று நகர்ந்த பாதை அது.

## தண்ணீர்த் தொட்டியும் அரிசிக் கப்பலும்

நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. ஒவ்வொரு வீடும் இருக்கும் பாத்திரத்தையெல்லாம் இன்றைக்கே நிரப்புகிறது. தொட்டி இன்றைக்கே காலி. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தவறு செய்யவில்லை, சேர்ந்து ஒரு பற்றாக்குறையை உண்டாக்கிவிட்டார்கள்.

2007-08இல் உலக அரிசிச் சந்தையில் இதுதான் நடந்தது. விளைச்சல் மோசமில்லை. ஆனால் விளையும் அரிசியில் சுமார் 7 சதவீதம் மட்டுமே அப்போது நாடுகளுக்கு இடையே விற்பனையானது, அவ்வளவு சிறிய தொட்டி. 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, வியட்நாமும் பின்தொடர்ந்தது. இறக்குமதி செய்யும் நாடுகள் பயந்து, தேவைக்கு மேல் வாங்க முனைந்தன. 2007 இறுதியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, 2008 மே மாத வாக்கில் 900 டாலரை எட்டியது.

அந்த நேரத்தில், பல பத்தாண்டுகளாக அரிசிச் சந்தையை ஆய்ந்துவந்த பீட்டர் டிம்மரும் அரிசி வணிகத்தைக் கூர்ந்து கவனித்துவந்த டாம் ஸ்லேட்டனும் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உலக வணிக உடன்பாட்டின்படி ஜப்பான் வெளியிலிருந்து வாங்கிய அரிசி அதன் கிடங்கில் கிடக்கிறது, அந்நாட்டு மக்களுக்கு அது தேவைப்படவில்லை. அமெரிக்கா ஆட்சேபிக்காவிட்டால் ஜப்பான் அதை வெளிச்சந்தைக்கு விடலாம். இதுதான் குறிப்பின் சாரம். அமெரிக்கா இசைந்தது, ஜப்பான் அறிவித்தது, விலை இறங்கத் தொடங்கியது. வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் அந்த அரிசி ஏறத்தாழ கப்பலேறவே இல்லை. தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை வந்ததும் பாத்திரங்கள் கீழே இறங்கின. இப்படி ஒரு சில பக்கக் குறிப்பை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம், எழுதத் தெரிவதற்கு முப்பது ஆண்டு ஆகும்.

## வெண்ணெயைப் பற்றி ஓர் உண்மை

கணக்குச் சரியாக இருந்தும் அதைச் சொல்ல முடியாத நிலை வரலாம். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இதை மறைக்கக் கூடாது.

1943, இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலக் கல்லூரியின் பொருளியல் துறைக்குத் தியோடர் ஷுல்ட்ஸ் தலைவர். போர்க்கால உணவுக் கொள்கை பற்றி அவர் துறை சிறு வெளியீடுகளைக் கொண்டுவந்தது. ஐந்தாவது வெளியீட்டை ஆஸ்வால்ட் பிரவுன்லி எழுதினார். உழைப்பும் தீவனமும் அரிதான நேரத்தில் வெண்ணெய்க்குப் பதில், எண்ணெயிலிருந்து செய்யும் மார்கரினைப் பயன்படுத்தலாம், ஊட்டத்திலும் சுவையிலும் அது வெண்ணெய்க்கு இணையாக நிற்கும் என்று அதில் இருந்தது. ஐயோவா பால்பண்ணை மாநிலம். பால் உற்பத்தியாளர் அமைப்புகள் கொதித்தெழுந்து வெளியீட்டைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். கல்லூரி நிர்வாகம் அந்த அழுத்தத்துக்கு இடம் கொடுத்தது.

ஷுல்ட்ஸ் பதவியை விட்டு விலகினார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார், துறையிலிருந்து வேறு பலரும் ஐயோவாவை விட்டு வெளியேறினார்கள். ஏழை உழவர்கள் அறியாமையால் ஏழையாக இல்லை, கையில் உள்ளதை வைத்துச் செய்யக்கூடியதைச் சரியாகவே செய்கிறார்கள் என்று 1964இல் அவர் எழுதியது சிகாகோவிலிருந்துதான். 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றபோதும் அங்கேதான் இருந்தார். பிரவுன்லியின் வெளியீடு 1944இல் திருத்திய வடிவத்தில் மீண்டும் வந்தது. சொற்கள் மென்மையாகியிருந்தன, மார்கரின் பற்றிய முடிவு பெரும்பாலும் அப்படியே இருந்தது.